கேலரியில் ஒரு தலையசைப்பு

பேகம்பூர் தோல் வியாபாரி நூர் அகமதின் முகத்தைப் பார்த்து அவர் மனசை யாரும் கண்டுபிடித்ததில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தொழில். எதிராளியின் தோள் லேசாக இறங்கினாலே அவருக்கு விஷயம் விளங்கிவிடும். அவருடைய தோள் மட்டும் இறங்காது.

இன்று திண்டுக்கல் மைதானத்து கேலரியில் அந்த உடம்பு அவர் சொன்னபடி கேட்கவில்லை. கீழே மகள் தஹ்சீன் மாவட்டக் கபடி இறுதி ஆட்டத்தில் நின்றாள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட ஜமாத் பெரியவர்களிடம், "எங்க வீட்டுப் புள்ள எங்க நின்னாலும் எங்க பேரக் காப்பாத்தும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு. கடைசி ரெய்டு தஹ்சீனுடையது.

பாடிக்கொண்டே போனாள். வேடசந்தூர் அணியின் செல்லக்கிளியை நோக்கிக் கையை வீசிவிட்டுக் கோட்டைத் தாண்டித் திரும்பினாள். நடுவர் விரலை உயர்த்தினார். ஒரு பாயின்ட். வெற்றி.

"என்னையத் தொடவே இல்ல சார்!" செல்லக்கிளி கத்தினாள்.

"தோத்தவளுக எல்லாம் இதத்தான் சொல்லுவாளுக," என்று சிரித்தார், பக்கத்திலிருந்த மைத்துனர் இஷாக். "வாங்க மச்சான், பிரியாணிக்குச் சொல்லிருவோம்."

நூர் அகமது மகளையே பார்த்தார். தொட்டுவிட்டு வந்தால் இரண்டு கைகளையும் தூக்கிக் குதிப்பாள். இப்போது குதிக்கவில்லை. வீசிய கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது. தொடவில்லை.

தஹ்சீன் நிமிர்ந்து கேலரியில் அவரைத் தேடினாள். சொல்லிவிடவா என்று கேட்கும் பார்வை.

வேண்டாம் என்று அவர் தலை இடமும் வலமும் அசைந்தது. லேசாக, ஒரே ஒரு முறை. அசைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மகள் அவரையே வெறித்துப் பார்த்தாள். பிறகு நேராக நடுவரிடம் போய், "சார், நான் தொடல" என்றாள்.

பாயின்ட் ரத்து. கூடுதல் ஆட்டம் என்று அறிவித்தார்கள். தண்ணீர் குடிக்க கேலரிப் பக்கம் வந்தவள் கேட்டாள்: "ஏன் அத்தா தலைய ஆட்டுனீங்க?"

"ஈ ஒண்ணு மொய்ச்சுச்சும்மா."

"அங்க நின்ன எனக்கே தெரிஞ்சுச்சே, அம்புட்டுப் பெரிய ஈயா?"

அவருக்குக் காது சுட்டது. விசில் ஒலித்தது. அவள் ஓடினாள்.

"உக்காருங்க மச்சான், பின்னாடி மறைக்குதாம்," என்று இஷாக் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கால் மடங்கவில்லை. ஜெயிப்பாளா தோற்பாளா என்பதைக்கூட விட்டுவிட்டு, இன்னொரு தடவை தன் பக்கம் திரும்புவாளா என்றே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் முடியும்வரை தஹ்சீன் கேலரிப் பக்கம் திரும்பவே இல்லை.