வெட்டப்படவிருந்த மரங்கள்

1

இந்தக் கதை ஒரு விமானச் சீட்டிலிருந்து பிறந்தது. கணினியில் பதிவு செய்தபோது கடைசியில் ஒரு கேள்வி வந்தது: கொஞ்சம் கூடக் கொடுத்தால், என் பயணம் விடும் புகைக்கு ஈடாக எங்கோ ஒரு காடு காப்பாற்றப்படும், சம்மதமா? சம்மதித்தேன். பெரிய புண்ணியம் செய்தவன்போல எழுந்துபோய்த் தேநீரும் குடித்தேன். அந்தக் காட்டில் யார் இருப்பார்கள் என்பது பிறகுதான் தோன்றியது. தெரியாது. ஆகவே கதையை இலங்கையில் எனக்குத் தெரிந்த மலையில் வைக்கிறேன்; காலத்தையும் யுத்தம் நடந்த 2007க்குத் தள்ளுகிறேன்.

முதல் வரி: ஹுன்னஸ்கிரிய மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த…

(வேண்டாம். மலையகக் கதை என்றால் பனி இறங்கித்தான் தீரவேண்டுமா?)

இன்னொன்று: கண்டிக்கு வெளியே பல்லேகல தாண்டியதும் சோதனைச் சாவடியில் விவேகானந்தன் வேலை அட்டையை நீட்டினான். ஆமிக்காரன் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

இது நிற்கட்டும்.

2

விவேகானந்தன் யாழ்ப்பாணத்தவன். கண்டியில், கட்டுக்கலையில் வாடகை அறை. கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பிய வருஷம் அது. அந்த அட்டை இருக்கும்வரைதான் கண்டியில் அவனை ஏன் இங்கே நிற்கிறாய் என்று யாரும் கேட்காமலிருந்தார்கள்.

அவனுடைய வேலையைச் சொல்ல வேண்டும். (கட்டுரை வாடை அடிக்கும். பொறுங்கள்.) மேலைநாட்டில் தொழிற்சாலைகளுக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று அரசாங்கம் அனுமதி அளந்து கொடுக்கிறது. குறைவாக விட்டவன் மிச்ச அனுமதியை விற்கலாம், போதாதவன் வாங்கலாம். நல்ல பெயருக்காக வாங்க வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே தூரதேசத்துக் காடுகள் சந்தைக்கு வருகின்றன: நீ புகை விடு, உனக்காக இங்கே ஒரு மரம் நிற்கும். அப்படிப்பட்ட காடுகளைத் தேடிக் கொடுப்பதுதான் அவன் வேலை.

ஒரேயொரு நிபந்தனை. திட்டம் வராவிட்டால் அந்த மரம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். எப்படியும் நிற்கப்போகிற மரத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியாதே. நியாயம்தான்.

ஆக, விற்கப்படுவது நடக்காமற்போன ஒன்றைப் பற்றிய கதை. என் தொழில். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

3

ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லையில் அவன் பார்க்க வந்த காடு. நடுவில் ஒரு சூலம், முனியாண்டி கோயில். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராஜலிங்கமும் கொழுந்தெடுக்கும் ராக்கம்மாவும் அவனைக் கூட்டிப்போனார்கள்.

"இஞ்ச மரம் வெட்டுறனீங்களோ?" என்று கேட்டான் விவேகானந்தன்.

"ஐயோ, முனியாண்டி காடுங்க இது!" என்றாள் ராக்கம்மா. "கத்தியே கொண்டாற மாட்டோம். விழுந்த சுள்ளியக்கூட சாமிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுப்போம்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. நாளைக்குக் காசு குடுக்கிற கம்பனியிலயிருந்து வெளிநாட்டு அம்மா ஒராள் பாக்க வாறா. வெட்டுறனாங்கள் எண்டு சொல்லுங்கோ. வெட்டுற ஆக்கள் நிப்பாட்டினாத்தான் அவை உதவி செய்வினம்."

"அப்ப வெட்டாதவனுக்கு?" என்று கேட்டார் ராஜலிங்கம்.

"ஒண்டும் இல்லை."

"எங்க லயத்து வீடுகளுக்கு நீங்க சொன்ன பைப்பு தண்ணியும் வராதுங்களா?"

"வராது. என்ர வேலையும் போயிடும்."

(இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதை எடுத்துவிட்டால் விவேகானந்தன் நல்லவனாகிவிடுகிறான், கதை செத்துவிடுகிறது. அவன் அதை ஒரு கெஞ்சலாகத்தான் சொன்னான். கெஞ்சினால் இவர்கள் இரங்குவார்கள் என்று தெரிந்தே சொன்னான்.)

4

மறுநாள் காலை அவன் அந்த வெளிநாட்டுப் பெண்மணியுடன் ஏறி வந்தபோது மூன்று மரங்கள் கிடந்தன. சூலத்துக்கு அருகில் நின்ற பெரிய மரம் உட்பட. வெட்டுவாயில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

அவன் ராக்கம்மாவை ஒதுக்கமாக அழைத்தான். "என்னக்கா செய்தனீங்கள்? சொல்லத்தானே சொன்னனான்!"

"சாமி முன்னால எப்பிடிங்க பொய் சொல்றது? அது பொறுக்காது. மரம்னா குத்தம் கட்டிக்கலாம், சேவல் நேந்திருக்கோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க வேல போயிரும்னீங்களே, சார்."

விவேகானந்தனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். அவனுடைய பொய்யை அவர்கள் வெட்டி உண்மையாக்கிக் கொடுத்திருந்தார்கள்.

5

முடிவு ஒன்று: அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். திட்டம் போகிறது, தண்ணீர் போகிறது, அட்டை போகிறது. மரங்கள் வீணாக விழுந்தவையாகின்றன.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறான். தண்ணீர் வருகிறது. பைப் திறப்பு விழாவில் ராக்கம்மா அவனுக்கு மாலை போட்டு…

(எழுத முடியவில்லை.)

மூன்றாவதில் மரங்களை மறுபடி நிமிர்த்திப் பார்த்தேன். என்னால் முடியும், பேனா என் கையில்தானே. வெட்கக்கேடாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஆகவே இதுவரை வந்ததோடு நிற்கிறேன். அந்தப் பெண்மணி வெட்டிய மரத்தடியைத் தொட்டுப் பார்க்கிறாள். கண் கலங்குகிறது, நல்லவள்தான். "நல்ல வேளை, மிச்சத்தையும் வெட்டுமுன் வந்து சேர்ந்தோம்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். பிறகு ராக்கம்மாவைக் காட்டி, "இனிமேலாவது இந்தக் காட்டை வெட்டாமல் இருப்பார்களா என்று கேளுங்கள்" என்கிறாள்.

"என்னங்க சார் கேக்குறாங்க?" என்கிறாள் ராக்கம்மா.

விவேகானந்தன் வாயைத் திறக்கிறான். அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல அவனால் முடியவில்லை. அவனுக்காக அதை எழுத என்னாலும் முடியவில்லை. உங்களுக்குத் தமிழ் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து நீங்களே கேளுங்கள்.