உறை உரித்த மெத்தை

குளிப்பாட்டிய தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு ஜரீஃப் வாசலுக்கு வந்தபோது மெத்தையைக் காணோம்.

சற்று முன்புதான் அவரும் மச்சினி ஃபிக்ரியாவும் அதை இழுத்து வந்து சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அவர் மனைவி வதீதா ஏழு மாசம் படுத்துக் கிடந்து, விடிகாலையில் அதிலேயே போய்ச் சேர்ந்த மெத்தை. மூத்திரமும் சளியும் ஊறி நடுவில் பழுப்பேறிய ஃபோம். அந்த நாற்றம் இன்னும் அவர் சட்டையில் இருந்தது.

"உறைய உரிச்சியா நீ?"

"உரிச்சேன் அத்தான். துணி துணியோட போகட்டும்னு..." ஃபிக்ரியா பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெய்ரோவின் குப்பையெல்லாம் வந்து சேர்கிற அந்த மலையடிவாரத்தில், துணி வேறு ஃபோம் வேறு என்று பிரித்து வாசலில் வைத்தால் அது சரக்கு. எடுக்கிறவன் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. ஜரீஃபும் ஐம்பது வருஷம் ஊரார் வாசலில் கேட்காமல் எடுத்தவர்தான். எவன் செத்த மெத்தை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு மகன் மக்ரமுடைய பட்டறைக்கு நடந்தார். எடுத்த வண்டிக்காரன் வேறெங்கே கொண்டுபோவான்? அந்தப் பக்கத்தில் ஃபோம் வாங்குகிறவன் மக்ரம் ஒருத்தன்தான்.

பட்டறையில் டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் திரவத்தைச் சுண்டக் காய்ச்சி, காஸ்டிக் சோடா போட்டால், அதில் ஃபோம் வெந்து தேன் மாதிரிக் கூழாகும். அழுகின மீனைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கிண்டுகிற வாடை. தாய் சாவதற்கு முன்பே ஏற்றிய டிரம். நடுவில் அணைத்தால் மொத்தமும் கட்டிதட்டிப் போகும் என்று மக்ரம் காலையிலிருந்து வீட்டுக்கும் பட்டறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

சாவுக்குப் போட்ட கறுப்புச் சட்டையின்மேல் ரப்பர் ஏப்ரன் கட்டி நின்றான். காலடியில் பாதி மெத்தை கிடந்தது. பழுப்பு வட்டத்தின் நடுவே வெட்டியிருந்தது.

"மீதி எங்கடா?"

மக்ரம் அவரைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், பிறகு டிரம்மைப் பார்த்தான். "ஆஸ்பத்திரி மெத்தைகளோட சேர்ந்து வந்துச்சுப்பா. உறை இல்ல. நான் கவனிக்கல."

"கண்ணு கவனிக்கல. மூக்கு இருந்துச்சுல்ல?"

"எல்லாமே அப்படித்தாம்பா நாறும்."

ஜரீஃப் டிரம்மைக் காட்டினார்.

"வெளிய எடு."

"எதை எடுக்க? கரைஞ்சு போச்சு."

"நீதானேடா சொன்னே, இது உருகவே உருகாது, இழைக்கு இழை முடிச்சுப் போட்டிருக்குன்னு."

"சூட்டுக்கு உருகாது. இந்தத் திரவம் முடிச்சை வெட்டிரும். வெட்டினத திரும்ப எடுக்க முடியாது." மக்ரம் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். "மீதிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்."

"போய்? அதுல நான் படுக்கவா?"

"புதைச்சிரலாம்."

"இந்த ஊர்லயா? சாயங்காலத்துக்குள்ள தோண்டி எடுத்து உங்கிட்டயே விப்பானுங்க."

மக்ரமுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது.

எரித்துவிடலாம் என்று இருவரும் சொல்லவில்லை. விலைபோகாத ஃபோமை முப்பது வருஷம் கொல்லையில் போட்டு எரித்தவள் வதீதா. எரிக்கச் சொன்னவர் ஜரீஃப். அந்தப் புகைதான் அவள் நெஞ்சில் இறங்கி ஏழு மாசம் கறுப்புச் சளியாய் வந்தது. அதைத் துடைத்துத் துடைத்து அவர் விரலிடுக்கெல்லாம் பிசுபிசுத்தது. மக்ரம் இந்த டிரம்மை வைத்த பிறகுதான் எரிப்பது நின்றது. அப்போதும், பீயைக் காய்ச்சி ஜாம் பண்ணுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவர் ஜரீஃப்.

"இந்தக் கூழு எங்க போகுது?"

"செருப்போட அடிப்பாகத்துக்கு. கார் சீட்டுக்கு. புது மெத்தையிலயும் கொஞ்சம் கலப்பானுங்க."

"அதுல எவனோ படுப்பான்."

"ஆமா."

ஜரீஃப் காறித் துப்பினார். துப்பியும் வாயில் அந்த இனிப்பு வாடை போகவில்லை.

தெருமுனையிலிருந்து ஃபிக்ரியா கூப்பிட்டாள். "அத்தான், பெட்டி வந்துருச்சு. சர்ச்சுலேர்ந்து அபூனாவும் வந்துட்டாரு, ஜெபம் ஆரம்பிக்கணுமாம்."

"ஏப்ரனக் கழட்டிட்டு நீ போ" என்றார் மகனிடம். "உங்கம்மாவைப் பெட்டில வைக்க ஆள் வேணும்."

"நீங்க?"

"வரேன்னு சொல்லு."

மக்ரம் தெருவில் இறங்கும்வரை நின்றிருந்தார். பிறகு ரம்பக் கத்தியை எடுத்துப் பாதி மெத்தையைத் துண்டு துண்டாக அறுத்தார். பழுப்புத் துண்டை மட்டும் ஒரு தடவை உள்ளங்கையால் அழுத்தினார். ஈரம் கசிந்தது, பள்ளம் விழுந்து மெல்ல எழும்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றையும் டிரம்முக்குள் போட்டார்.

மிதந்தன. மரக்கழியால் அழுத்தினார். அடியிலிருந்து ஃபோம் திருப்பித் தள்ளியது. ஆவி கண்ணில் எரிய, இரண்டு கைகளாலும் கழியைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் வைத்து நின்றார். தெருவில் ஜெபம் தொடங்கியது. தள்ளல் குறைந்துகொண்டே வந்து, கழிக்கு அடியில் ஒன்றுமில்லாமல் போனது.