இரண்டு ஸ்கூட்டரும் ஒரு வேண்டுதலும்

ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் தேசப்பனுக்குத் தண்ணீரில் பயம் கிடையாது. முகத்துவாரத்தில் அலை ஆளுயரம் எழும்பினாலும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே படகை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார். தரையில்தான் கொஞ்சம் தகராறு. பின்னாலிருந்து லாரிக்காரன் ஆரன் அடித்தால் போதும், ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தி, எதையோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்பார். இது அவர் மனைவி பச்சையம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர் டீக்கடையில் சவால் விட்டுவிட்டார். கிளப்பிவிட்டது பக்கத்து வீட்டுத் தருமலிங்கம். "நம்ம ஏரிக்கு வடக்கு முனை, ஆந்திராவுல கீற துகராஜப்பட்டினம். படகுல எவன் வேணா போவான். ரோட்டுல சுத்திக்கினு போவ நம்மாளுங்கள்ல எவனுக்கு தில்லு கீது?" என்று அவர் கேட்க, தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் போறேன். எம் பொஞ்சாதியும் வருவா. ஆளுக்கு ஒரு ஸ்கூட்டரு," என்று சொல்லிவிட்டார்.

பொன்னேரியில் இறால் விற்றுவிட்டுத் திரும்பிய பச்சையம்மாவைத் தெருமுனையிலேயே மறித்து, "இன்னா அண்ணி, ஆந்திரா டூராமே?" என்றார்கள். வீட்டுக்குள் வந்ததும் மீன் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள்.

"யாரைக் கேட்டு வாய வுட்ட?"

கத்தினதெல்லாம் சும்மா. பொன்னேரி வரை போய், அங்கிருந்து வடக்கே போகிற பேருந்துகளை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, தினமும் வண்டியைத் திருப்புகிறவள் அவள்.

ஒரே வண்டியில் போனால் என்ன என்று மகள் சுபஸ்ரீ கேட்டுப் பார்த்தாள். பெண்பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து போக மாட்டேன் என்றார் தேசப்பன். நங்கூரம் போடுகிற மாதிரி பிரேக் போடுகிற ஆளுக்குப் பின்னால் நானும் உட்கார மாட்டேன் என்றாள் பச்சையம்மா.

சனிக்கிழமை காலை தெருவே கூடி வழியனுப்பியது. தருமலிங்கம் இரண்டு வண்டிக்கும் கற்பூரம் சுற்றி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு வீடியோவும் எடுத்தார். தேசப்பன் மந்திரி மாதிரி கையசைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அந்த மிடுக்கு பொன்னேரி வரைக்கும்தான். ஒரு டீக்கடை நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மே, முதுகு புட்டுக்கினு போவுது. இங்க உன் தங்கச்சி வூட்ல ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சிட்டுத் திரும்பிடலாம். போனோம், வந்தோம்னு சொல்லிக்கலாம். எவன் வந்து பாக்கப் போறான்?"

"அதுவும் சரிதான்யா," என்றாள் பச்சையம்மா, பரம சாதுவாக. "நீ டீ குடி. பொண்ணு சாப்ட்டாளான்னு கேட்டுட்டு வரேன்."

கடைக்குப் பின்னால் போய் மகளைக் கூப்பிட்டாள். "கும்மிடிப்பூண்டி தாண்டிட்டோம்னு குரூப்புல போட்டுடு."

"அதுக்குள்ளயாம்மா?"

"உங்க நைனா பறக்கறாரு. போடுடி."

தேசப்பன் டீயை முடிக்கவில்லை, அவருடைய போன் விடாமல் கிணுகிணுக்க ஆரம்பித்தது. கைதட்டல் படம், பட்டாசுப் படம், நடுவில் தருமலிங்கத்தின் குரல்: "மச்சான், தூள் கெளப்புற! எம் மவன் இளவழகன் ஆரம்பாக்கத்துலதான் கம்பெனி வேலையில கீறான். எளநியோட ரோட்டாண்ட நிக்கச் சொல்லிட்டேன்."

தேசப்பனுக்குப் புரையேறியது. "கும்மிடிப்பூண்டி தாண்டிட்டோம்னு யாரு மே சொன்னது?"

"பொண்ணு எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிச்சு போல. உடு, முதுகு வலி, திரும்பறோம்னு தருமலிங்கம் அண்ணங்கிட்ட சொல்லிடறேன்."

"அவங்கிட்டயா? முதுகு வலின்னா?" தேசப்பன் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை உதைத்தார்.

நெடுஞ்சாலையில் பச்சையம்மா அவருக்குப் பின்னாலேயே வந்தாள். லாரிகள் முதலில் அவளைப் பார்த்துத்தான் ஆரன் அடித்தன. அவளும் திருப்பி அடித்தாள். முன்னால் போனவருக்குச் சத்தம் மட்டும்தான் வந்தது, லாரி நாலு முழம் தள்ளி ஒதுங்கிப் போனது. கும்மிடிப்பூண்டிக்குப் பிறகு அவர் சட்டைப்பையைத் தடவுவதை விட்டுவிட்டார்.

ஆரம்பாக்கத்தில் இளவழகன் வெயிலில் வாடிப்போய் நின்றிருந்தான். "இன்னா மாமா, இவ்ளோ நேரம்?"

"வழியெல்லாம் சனங்க நிறுத்தி நிறுத்திக் கை குடுக்குறாங்கடா," என்றாள் பச்சையம்மா. தேசப்பன் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு இளநீரை வாங்கிக் குடித்தார்.

அவன் போனதும் மறுபடி ஆரம்பித்தார். "இதுக்கு மேல தெலுங்குக்காரன் ஊரு. பாஷை தெரியாத எடத்துல பேஜாராப் பூடும். இதோட திரும்பிக்கலாம் மே."

"திரும்பிக்கலாம்யா. பெட்ரோல் போட்டுக்கினு திரும்பலாம்." பங்க்கின் மறுபக்கம் போய்ப் போனைக் காதில் வைத்தாள். "சுபா, பார்டர் தாண்டி தடா ஊரையும் தாண்டியாச்சுன்னு போடு."

இந்தத் தடவை, காற்றடிக்கும் இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தேசப்பனின் காதில் அது விழுந்துவிட்டது. வண்டியை வந்த வழியே தள்ளிக்கொண்டு போய், ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி வெற்றிலை மடித்தார். கொஞ்ச நேரம் தாமும் போனை நோண்டினார். பிறகு, "சரி, வா, போவோம்," என்று அவரே முன்னால் புறப்பட்டது பச்சையம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சூளூர்ப்பேட்டைக்கு முன்னால் நிழல் பார்த்து நின்றபோது மாலதி போனில் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக்காரி. "அக்கா, உம் பக்தியை நெனச்சா எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது. முழு மொட்டையா?"

"இன்னாடி மொட்டை?"

"நல்லபடியாப் போய்ச் சேந்தா சூளூர்ப்பேட்டை அம்மனுக்கு முடி எறக்கறதா வேண்டிக்கினியாமே. உன் வூட்டுக்காரருதான் குரூப்புல போட்டுக்கீறாரு. பொம்பளைங்க எல்லாம் கும்பிட்டுக்கினு கீறோம்."

பச்சையம்மாவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அவிழ்த்தால் இடுப்பைத் தாண்டும் கூந்தல் அது. மீன் விற்கப் போகும்போதுகூட எண்ணெய் வைத்து வாராமல் கிளம்ப மாட்டாள். திரும்பிப் பார்த்தாள். தேசப்பன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ்!"

"எனக்கு இன்னா தெரியும்? சனங்க எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிச்சு போல."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் அவள் பச்சையம்மா. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, அவர் எதிரிலேயே குரூப்பில் பேசினாள். "வேண்டுதல் எனக்கு மட்டும் இல்ல. ரெண்டு பேருக்கும்தான். எனக்கு முடி, அவருக்கு மீசை."

தேசப்பனின் மீசை தோணிரேவு முழுக்கப் பிரசித்தம். இரண்டு முனையும் கன்னத்தில் ஏறி நிற்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்தது. அவருடைய மேலுதடு எப்படி இருக்கும் என்று பச்சையம்மாவுக்கே தெரியாது.

கோயில் வரைக்கும், வேண்டாம் என்று அவர் சொல்லட்டும் என்று அவளும், அவள் சொல்லட்டும் என்று அவரும் ஓட்டினார்கள். முடி எடுக்கும் கொட்டகை வந்துவிட்டது. இருவரும் வீம்பாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் கொண்டையை அவிழ்த்தாள். குரூப்பை ஏமாற்றலாம், அம்மன் சந்நிதியில் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போக முடியுமா?

முடி எடுப்பவர் அந்தக் கூந்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மொத்தம் எந்துக்கம்மா? ஆடவாள்ளகி மூடு கத்தெரலு சாலு."

மார்க்கெட்டில் பழகிய தெலுங்கு கைகொடுத்தது. முழுசும் எதற்கு, பெண்களுக்கு மூன்று கத்தரி போதுமாம். சரக், சரக், சரக். விரல் நீளத்துக்கு நுனிமுடி விழுந்தது. அவ்வளவுதான். பச்சையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

தேசப்பன் ஆவலோடு நிமிர்ந்தார். "அப்ப மீசைக்கும் மூணு கத்தரிதானே?"

அந்த மனிதர் மீசையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீசானிகி அட்லா லேதண்டி," மீசைக்கு அப்படியெல்லாம் கிடையாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுச் சவரக்கத்தியை எடுத்தார்.

வெளியே வந்தவரைப் பார்த்துப் பச்சையம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. வெயிலே படாத அந்த மேலுதடு இளசாக, வெளுப்பாக இருந்தது. யாரோ கல்லூரிப் பையன் அவள் புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. தேசப்பன் முறைத்தார். உதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது.

"எங்கேர்ந்து மே என்னை டபாய்ச்சிக்கினு வர?"

"பொன்னேரிலேர்ந்து."

"பொன்னேரிலேர்ந்தேவா?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப அங்கேர்ந்து இவ்ளோ தூரம் நானேதான் ஓட்டிக்கினு வந்துகீறேன்."

"வேற யாரு ஓட்டுனது?"

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் திரும்பலாம் என்று சொல்லவில்லை. நாயுடுப்பேட்டையில் சாப்பிட்டார்கள். வாகாடு போகும் சாலையில் லாரிகள் குறைந்ததும் இரண்டு ஸ்கூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் போயின. பொழுது சாய்வதற்குள் துகராஜப்பட்டினம் வந்துவிட்டது. கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தேசப்பன் தெற்கே தண்ணீரைக் காட்டினார், பிறகு ஸ்கூட்டரைக் காட்டினார். அந்த ஆள் நம்பவில்லை.

பச்சையம்மா தன்னையும் அவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். அப்புறம் தருமலிங்கத்தின் குரல் வந்தது. "தங்கச்சி, எங்க மச்சானைக் காணோமே. பக்கத்துல நிக்கற தம்பி யாரு?"

தேசப்பன் போனைப் பிடுங்கினார். "நான்தாண்டா. நாளைக்கு நெல்லூரு."

பச்சையம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரோ அதற்குள் வலைக்காரரிடம் போய், நெல்லூருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.