தண்ணீர் இல்லாத கல்

ஐம்பத்தைந்து வயதில் எழுத்து படித்தேன். வேகனில் கரி ஏற்றிவிட்டு, குளித்தும் போகாத கறுப்போடு மாலை வகுப்பில் உட்கார்ந்தால் சுகரி சிரிப்பாள். "எமன் உங்கிட்ட கையெழுத்தா கேக்கப் போறான்?" என்பாள். அவள் புருஷனும் என் புருஷன் ஜகரூவும் ஆறாம் நம்பர் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்த அன்று ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். இருவர் உடம்பும் வரவில்லை.

நான் படித்தது ஒரு வரிக்காக. ஜரியா சாலை ஓரத்தில் தொழிலாளிகளே நட்ட கல்லில் அந்த வரி இருந்தது. "தண்ணீர் கசிகிறது என்று சொன்னவர்களை இறக்கிக் கொன்றார்கள்." சங்கத்துத் தலைவர் பகீரத் வருஷா வருஷம் அதைப் படிப்பார். எங்களுக்கு வந்த காகிதங்களையும் அவர்தான் படிப்பார். ஜகரூவுக்குத் தம்பி மாதிரி. அதனால் எனக்குக் கொழுந்தனார். அன்று ஜகரூ பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்து, போக மாட்டேன் என்றதும், ஆள் கணக்குப் பார்க்கும் முன்ஷி வாசலில் வந்து நின்று வேலையை விட்டே எடுத்துவிடுவேன் என்று மிரட்டிக் கூட்டிப்போனதும் அவருக்குத் தெரியும்.

நான் எழுத்துக் கூட்டப் பழகுவதற்குள் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கல்லை உடைத்துவிட்டார்கள். புதுக் கல் வரும், அந்த வரி அப்படியே இருக்கும் என்று பகீரத் என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் படிப்பதை அவரிடம் சொல்லவில்லை. கல்லின் முன்னால் நின்று நானே படித்துக் காட்டலாம் என்று ஒரு சின்ன ஆசை.

திறப்பு விழாவுக்குக் கம்பெனி அதிகாரிகள் வந்தார்கள். பேசிவிட்டு, கரித்தூசிக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பகீரத் மைக்கைப் பிடித்து, கல்லைப் பார்த்து அந்த வரியைப் படித்தார். கைம்பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதுகொண்டே கிட்டப் போனேன்.

நான் முதலில் படித்த சொல்லே தண்ணீர்தான். அதைத் தேடினேன். கொடியில் தொங்கும் துணி மாதிரி வரிசையாக எழுத்துகள். ஒன்று விடாமல் விரல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. கசிவு இல்லை. 'நாட்டின் ஒளிக்காக மகிழ்ந்து உயிர் ஈந்த தியாகிகள்' என்று இருந்தது. மகிழ்ந்து என்ற சொல்லை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

"நல்லாப் படிச்சீங்க கொழுந்தனாரே," என்றேன். "கல்லுல அது எங்க இருக்கு?"

என் விரலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கை அணைத்துவிட்டு என்னைக் கல்லுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"அந்த வரி இருந்தா இடமே தர மாட்டோம்னுட்டாங்க, அண்ணி. கல்லே இல்லாம போறதுக்கு இது தேவலைல்ல? உங்க காதுக்கு நான் இருக்கேன். வருஷா வருஷம் நானே படிக்கிறேன்."

"நீங்க செத்தப்புறம்?"

சுகரி எங்கள் பின்னாலேயே வந்திருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். திரும்பவும் முன்பக்கம் வந்து, வகுப்பில் படிப்பது போலவே ஒவ்வொரு எழுத்தாக உரக்கக் கூட்டிப் படித்தேன். மாலையோடு நின்ற பெண்களின் அழுகை நின்றது. ஒருத்தி, "மகிழ்ந்தா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

சுகரிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "தலைவரே," என்றாள். "அன்னிக்கு கோர்ட்டுக் காகிதம்னு ஒண்ணு கொண்டுவந்தீங்க. யார் மேலயும் குத்தம் இல்லைன்னு எழுதியிருக்கு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு படிச்சுக் காட்டி, எங்க எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கினீங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. அந்தக் காகிதத்தில் என் கட்டைவிரலும் இருக்கிறது.

பகீரத் சுகரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு மைக்செட்காரனைக் கூப்பிட்டுப் பாட்டைப் போடச் சொன்னார்.