மாப்பிள்ளை பார்த்த லெப்டொப்

அப்ராஸ் லெப்டொப்பின் மூடியை விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினான். வத்தகப்பழம் வாங்கப் போனவன் தட்டுகிற அதே தட்டு. பிறகு தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டான். பக்கத்தில் றினோஸா நின்றாள். தன்னுடைய வேலை கடைசியில் இந்த மனிசனின் கையிலா வந்து மாட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

"நல்ல கட்டி," என்றான் அப்ராஸ். "இப்ப வாற புதுச் சாமானெல்லாம் பப்படம்."

அப்ராஸ் அவளுக்கு மூத்த ராத்தா சில்மியாவின் மாப்பிள்ளை. ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் வந்து குடியிருப்பவன். வந்து மூன்று வருடமாகிறது. மூன்று வருடமும் மீனின் நடுத்துண்டு அவனுக்கு, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் கதிரை அவனுக்கு, எந்தப் பேச்சிலும் கடைசிச் சொல் அவனுக்கு. உம்மா சரீபா இன்றுவரை மருமகனின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. குசினி வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மருமகனுக்குச் சோறு போதுமாண்டு கேளு புள்ள," என்பாள். அது மருமகனின் காதில் விழத்தான் செய்யும். ஆனாலும் இன்னொருவர் அதைத் திரும்பச் சொன்னால்தான் அவன் பதில் சொல்லுவான். சொல்லுகிற ஆள் பெரும்பாலும் றினோஸாதான்.

லெப்டொப் தேவைப்பட்டதும் றினோஸாவுக்குத்தான். அவள் கட்டட வரைபடம் வரையப் படித்தவள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தது. வருகிற சனிக்கிழமை மூன்று மணித்தியாலப் பரீட்சை. அவள் வரைவதை அவர்கள் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நடுவில் தொடர்பு அறுந்தால் மறு சந்தர்ப்பம் கிடையாது. அதற்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசை எடுத்தாள். ஏற்கெனவே ஒருவர் பாவித்த லெப்டொப்பில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதியும் வைத்தாள்.

தாளை உம்மா கண்டதுதான் வினை. "ஆம்புள ஒராள் வீட்டுல இரிக்கக்குள்ள நீ போய்ச் சாமான் பாத்தா மருமகனுக்கு என்ன மரியாதை? அவர் வந்து பாக்கட்டும்," என்றாள். சீலைக்கு அந்தப் பக்கம் அப்ராஸ் தொண்டையைச் செருமினான். அவன் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம்.

கொம்பியூட்டரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், கட்டாரில் நான்கு வருடம் இருந்தான் என்பார்கள். இருந்தான்தான். ஓர் ஆபிஸுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டினான். அந்த ஆபிஸுக்குள் கொம்பியூட்டர்கள் இருந்தன. வாசலில் வானை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக அவற்றைப் பார்த்திருப்பான். வான் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை, அதை அவன் நன்றாகவே ஓட்டுவான். அந்த வாயால் புரொசஸரைப் பற்றி அலட்டுவதைத்தான் றினோஸாவால் தாங்க முடியவில்லை.

கடை கல்முனை மெயின் வீதியில் இருந்தது. சில்மியாவும் கூடவே வந்திருந்தாள். கடைக்காரன் ஹில்மி பள்ளிக்கூடத்தில் அப்ராஸுக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன், அண்ணன் முறையில் அவனை நானா என்று கூப்பிடுவான். ஹில்மி அந்த லெப்டொப்பில் ஒரு பொத்தானை அமுக்கினான். கீபோட் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் எரிந்தது. அப்ராஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"மச்சான், உள்ளுக்கு என்ன இரிக்கிண்டு ஒருக்காப் பாப்பம்," என்று றினோஸா தன் தாளை நீட்டினாள்.

"நம்மட ஆள்ட கடையில என்னத்தப் பாக்கிற? சந்தேகப்பட்ட மாதிரிப் போயிரும்."

"ஒங்களுக்கு நான் பிழையான சாமான் தருவனா நானா," என்றான் ஹில்மி.

கடையின் பின்பக்கத்தில், திருத்துகிற மேசையில் கஜேந்தினி இருந்தாள். பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பிள்ளை. அந்தக் கடையில் சாமானைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது அவள் திருப்புளி பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவள் தலையை நிமிர்த்தாமல், "வாங்கிறதுக்கு முதல் பெட்டரியப் பாருங்க," என்றாள். ஹில்மி திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவள் திரும்பவும் குனிந்துகொண்டாள்.

றினோஸா பார்த்தாள். விரல் வைத்து நகர்த்துகிற பட்டை ஒரு பக்கம் மேலெழுந்து நின்றது. உள்ளே பெட்டரி ஊதியிருக்கிறது. மூடியில் ஒட்டியிருந்த பளபளப்பு ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். கீழே நீளமான வெடிப்பு. அவள் வாயைத் திறந்தாள். சில்மியா பின்னாலிருந்து அவளுடைய முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள்.

"சும்மா கிட புள்ள. மச்சானுக்குத் தெரியாததா?"

றினோஸா வாயை மூடினாள். அப்ராஸ் பேரம் பேசினான். பேசி, ஒரு மவுஸைச் சும்மா வாங்கிவிட்ட பெருமையில் லெப்டொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். ஹில்மி ஊரிலேயே விற்காமல் கிடந்த சாமானை அவன் தலையில் கட்டிவிட்டான். அது தெரியாமல் அவன் வழி நெடுக முச்சக்கர வண்டிக்காரனுக்கும் லெப்டொப் வாங்குவது எப்படி என்று வகுப்பெடுத்தான்.

வீட்டில் அவள் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். பதினொரு நிமிடத்தில் அணைந்தது. ஹாட் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று பார்த்தாள். நாற்பத்தோராயிரம் சொச்சம், நாலரை வருடத்துக்கு மேல் இடைவிடாத ஓட்டம். கூடத்தில் அப்ராஸ் தான் ஹில்மியை எப்படி மடக்கினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சீலைக்குப் பின்னால் உம்மா மாஷா அல்லாஹ் என்றாள். இந்த வீட்டில் மூளை இருக்கிற ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறதே என்று றினோஸாவுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆள் தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை அப்ராஸ் எழும்பும் முன் அவள் லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனாள். போகும்போதே யோசித்து வைத்திருந்தாள். பெட்டரி ஊதியிருக்கிறது என்று அவள் சொன்னால் ஹில்மி அரை மணித்தியாலம் வாதாடுவான். ஆகவே அவள் அதைச் சொல்லவில்லை.

"மச்சான் இது வேணாமாம். வேற நல்லதா மாத்தித் தரட்டாம்," என்றாள்.

"நானா சொன்னாரா? அப்ப சரி," என்றான் ஹில்மி. ஒரு கேள்வி இல்லை. முந்தின நாள் நேரில் நின்று அவள் கேட்டதற்குக் கிடைக்காத மரியாதை, வீட்டில் குப்புறப் படுத்துக் கிடக்கிறவனின் பெயருக்குக் கிடைத்தது.

கஜேந்தினி மேசைக்குக் கீழிருந்து ஒரு கறுப்பு லெப்டொப்பை எடுத்தாள். தடிப்பானது, மூலைகள் தேய்ந்தது, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லாதது. "இது கம்பனி ஒண்டு பாவிச்சிட்டுக் குடுத்தது. நானே கழட்டித் துப்பரவாக்கினன். பெட்டரி நாலு மணித்தியாலம் நிக்கும். வெளிச்சம் இல்லையெண்டு ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல," என்றாள். றினோஸா தன் தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கஜேந்தினி திரும்பி வந்த லெப்டொப்பின் மூடியில் 'பெட்டரி மாற்றவும், விற்க வேண்டாம்' என்று ஒரு துண்டை ஒட்டினாள்.

புறப்படும்போது றினோஸா ஹில்மியிடம் இன்னொன்றும் சொன்னாள். "மாத்தின கதைய மச்சானிட்டக் கதைக்காதீங்க. தான் எடுத்த சாமான மாத்தினதெண்டு வெளிய வந்தா அவருக்கு வெக்கம்."

"சீ, நான் ஏன் கதைக்கிறன்," என்றான் ஹில்மி. மாப்பிள்ளைமாரின் வெட்கம் என்ன விலை என்று அவனுக்கும் தெரியும், அவனும் ஒரு வீட்டில் மாப்பிள்ளைதான்.

கறுப்பு லெப்டொப்புக்கு அவள் சிவப்பில் ஓர் உறை வாங்கிப் போட்டாள். அப்ராஸ் இரண்டு நாள் கழித்து அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"வெளிச்சம் எங்க?"

"கண்ணுக்குக் கூசுது மச்சான். அணைச்சி வெச்சிரிக்கன்."

"ம். சாமான் எப்பிடி?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போனான். தான் தட்டித் தட்டி வாங்கிய சாமானையும் வேறொன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு இத்தனை நாள் பயந்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை பரீட்சை தொடங்கி முக்கால் மணித்தியாலத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, வேர்த்துக் கொட்டியது. அவள் போன் டேட்டாவை வைத்துக்கொண்டு கடைசிக் கோடு வரை வரைந்து முடித்தாள். லெப்டொப் அசையவில்லை. பத்து நாளில் வேலை கிடைத்த செய்தி வந்தது. உம்மா இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, சீலைக்குப் பின்னால் வந்து நின்று, "மருமகன் பாத்தெடுத்த சாமான். அல்லாஹ் அவருக்குப் பறக்கத் செய்யட்டும்," என்றாள்.

றினோஸா மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். பீற்றிக்கொள்ளட்டும், அவனிடம் வேறு என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் ஏளனமாக நினைத்தாள். அப்படி நினைப்பது சுகமாகவும் இருந்தது.

அப்ராஸ் நன்றாகவே பீற்றிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்கிறவர்களிடம் அந்த லெப்டொப்பின் கதை போனது. பிறகு ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். மகளுக்கு ஒன்று பார்க்க வேண்டும், மகனுக்கு ஒன்று பார்க்க வேண்டும், மாப்பிள்ளை ஒருக்கா வந்தால் நல்லது என்றார்கள். அவன் ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு, சரி பார்ப்போம் என்பான்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அடுத்த வளவு வீட்டு ஸஹ்லா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் இடியப்பம் அவித்து விற்றுப் படிப்பிக்கிறாள். அப்ராஸ் அப்போதும் அந்தக் கதிரையில்தான் இருந்தான். சில்மியா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"ராத்தா, இத ஒருக்காப் பாருங்க. நாளைக்கு அசைன்மன்ட் அனுப்பணும். எழுதி முடிக்கக்குள்ள அணைஞ்சி போச்சி. இப்ப பத்துதே இல்ல. கீழ்ப்பக்கம் சரியான சூடு."

அவள் பைக்குள்ளிருந்து எடுத்ததை றினோஸா உடனே அடையாளம் கண்டாள். மூடியில் ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. அவளுடைய நகம் கிளப்பிய மூலை. அதற்குப் பக்கத்தில் துண்டொன்றைப் பிய்த்தெடுத்த பசை இருந்தது. விரல் வைக்கிற பட்டை இப்போது முழுதாக மேலெழுந்து, அடியில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

"ஆரு எடுத்துத் தந்த?"

"அப்ராஸ் நானாதான். ஒங்களுக்கு எடுத்த மாதிரியே வேணுமெண்டு உம்மா சொன்னா. கடைக்கார நானா, இதத்தானா எடுக்கிறீங்க எண்டு ரெண்டு தரம் கேட்டாரு. எனக்குத் தெரியாதா எண்டாரு இவரு. அவர் அதுக்குப் புறகு ஒண்டும் பேசல்ல."

ஹில்மி பேசமாட்டான். பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் இங்கே நிற்கிறாள். றினோஸா லெப்டொப்பைத் தூக்கி, ஸஹ்லாவுக்கு எட்டாமல் முற்றத்து மணலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"இனி இதக் கிட்டயும் எடுக்காத. பெட்டரி வெடிக்கும்."

"என்ன வெடிக்கிற?" என்றான் அப்ராஸ். "ஒண்ட சாமான் மாதிரியேதானே இதுவும்."

"என்ட மாதிரி இல்ல மச்சான். இது என்டதான். நீங்க எனக்கு எடுத்துத் தந்த சாமான் இது. அடுத்த நாளே நான் கொண்டுபோய்க் குடுத்திட்டன். ஒங்கட பேரச் சொல்லி மாத்தினன். இப்ப அறைக்குள்ள வேலை செய்யிறது நான் பாத்தெடுத்தது."

சில்மியாவின் கை வந்தது. அதே இடம், முழங்கைக்கு மேலே, நறுக்கென்று. றினோஸா கையை உதறிவிட்டாள். குசினிச் சீலைக்குப் பின்னால் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது.

அப்ராஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். கத்துவான் என்று றினோஸா நினைத்தாள். அவன் கத்தவில்லை. முற்றத்தில் கிடந்த லெப்டொப்பைப் பார்த்தான், வாசலில் அழுதுவிடுவது போல நின்ற ஸஹ்லாவைப் பார்த்தான், கடைசியாக இவளைப் பார்த்தான்.

"ஒனக்கு அண்டைக்கே தெரியுமெண்டா ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

மூன்று வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான கேள்வி அது. உங்களுடைய மரியாதைக்காக என்று சொல்ல றினோஸா வாயைத் திறந்தாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அவனை மடையனாகவே வைத்திருந்து பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவள் அறைக்குள் போனாள். கறுப்பு லெப்டொப்பைச் சிவப்பு உறையோடு தூக்கிக்கொண்டு வந்து ஸஹ்லாவின் கையில் கொடுத்தாள். "நாளைக்கு அசைன்மன்ட்ட இதுல செய். மத்தத நானும் மச்சானும் கடைக்குக் கொண்டுபோறம்," என்றாள்.

அப்ராஸ் எழும்பிச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். வாசலில் நின்று, "சாமான் பாக்கிற அந்தத் தாள எடுத்தியா," என்று கேட்டான்.