துடுப்பால் சொன்ன பொய்

அருவிக்குக் கீழே, ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் மேல் நின்று, வாயைத் திறக்காமலே என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். துடுப்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தேன். கயாக் என்கிற ஒற்றை ஆள் படகை ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள்: நில், வராதே, கீழே ஏதோ அடைத்திருக்கிறது. செங்குத்தாகப் பிடித்தால், வா, வழி சுத்தம். கீழே ஒரு துரும்பும் அடைத்திருக்கவில்லை. அந்த இடத்தை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை.

மேலே, ஒரு பாறை மறைவில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடத்தில், அவள் சிவப்புப் படகோடு காத்திருந்தாள். அங்கிருந்து அவளுக்கு நான் தெரிவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் விழுகிற இடம் அவளுக்குத் தெரியாது. ஆறு ஒரு கோட்டோடு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான்தான் சொல்லியாக வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். தன் துடுப்பையும் அதே மாதிரி குறுக்காகத் தூக்கிக் காட்டினாள். புரிந்தது என்று பதில். மறுபேச்சு இல்லாமல் கரை ஒதுங்கி, படகை இடது தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்க ஆரம்பித்தாள். அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நான் லிஃப்ட் ரிப்பேர்காரன். ஆள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அவளுக்கோ வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளை ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு போன அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கேயாவது போய் விழுந்தே ஆக வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் பின்னாலேயே போய் நானும் கயாக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் சமதண்ணீரில் நான் ராஜா. இறக்கம் வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடந்துவிடுவேன். "பாருங்க, லிஃப்ட்டுக்காரர் படியில இறங்குறார்" என்பாள், யாரும் இல்லாவிட்டாலும் மரங்களைப் பார்த்து.

போன வருஷம் வேறோர் இடத்தில், இதைவிடச் சின்ன இறக்கத்தில், விழும்போது துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். தண்ணீர் அதைப் பிடித்துப் பின்னால் வளைத்தது. வலது தோள் கழன்றுவிட்டது. நான்கு மாதம் பஸ் பக்கம் போகவில்லை. அந்த நான்கு மாதமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது சடையா, லிஃப்ட் கேபிளா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்ததில் தோள் அசைந்து, வலியில் கண் கலங்கிவிட்டது. பாறை மேல் நின்றபோது அந்த முகம்தான் எதிரே வந்தது. கை தானாகக் குறுக்கே போய்விட்டது.

இந்த இறக்கம் ஒன்றரை ஆள் உயரம். எப்படி இறங்குவாள் என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தாள், நான் கேட்காமலே. வலது கரையிலிருந்து இடது பக்கமாக வேகம் பிடித்து வர வேண்டும். விளிம்பு வந்ததும் துடுப்பை எட்டின மட்டும் முன்னால் ஊன்றி ஒரே ஒரு நீள இழுப்பு. முந்தினால் பிரயோஜனம் இல்லை, பிந்தினால் இழுக்கத் தண்ணீரே இருக்காது. இழுக்கும்போதே முழங்காலை மேலே தூக்கினால் படகின் மூக்கு நிமிரும், படகு தட்டையாகப் போய் நுரையில் உட்காரும். உட்காரும்போது உடம்பு முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், முழங்கை இரண்டும் விலாவை விட்டு விலகவே கூடாது. மூக்கு குத்தினால் வந்தது வினை. கீழே நுரை அருவியை நோக்கியே திரும்பி ஓடுகிறது. படகைப் பிடித்து வைத்துக்கொண்டு துணி துவைக்கிற மாதிரி புரட்டும். அவளிடம் கயிற்றை எறிந்து கரைக்கு இழுக்க, கயிற்றுப் பையோடு நான் நிற்பது அதற்குத்தான்.

அவள் வந்து படகை இறக்கி வைத்தாள். "என்ன அடைச்சிருக்கு?"

"ஒரு கட்டை. நுரைக்குள்ள சுத்திட்டிருந்துச்சு. இப்பதான் போச்சு."

"எவ்ளோ பெருசு?"

"இவ்ளோ" என்று கையை விரித்தேன். விரித்த அளவை நானே நம்பவில்லை.

அவள் கரையில் கிடந்த காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து நுரையில் எறிந்தாள். அது முங்கியது, எழுந்தது, அருவியடிக்குப் போனது, மறுபடி முங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"குச்சியே இன்னும் வெளிய வரல. உன் கட்டைக்கு மட்டும் என்ன அவசரம், பஸ்ஸைப் பிடிக்கணுமாமா?"

துடுப்பைக் கீழே வைத்தேன். "கட்டையும் இல்ல, மண்ணும் இல்லடி. பயமா இருந்துச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லு. போகாதன்னு சொல்லு. வீட்ல உக்காந்து ரெண்டு நாள் சண்டை போடுவோம். துடுப்பால மட்டும் பொய் சொல்லாத."

"உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஆகலாம்தான். ஆனா அங்க நிக்கும்போது எனக்கு உன்ன விட்டா வேற கண்ணு கிடையாது. இனிமே நீ நில்லுன்னு காட்டினா, நிஜமாவே கட்டை இருக்கா, இல்ல இவனுக்கு வயித்தக் கலக்குதான்னு நான் யோசிக்கணும். யோசிச்சிட்டே வந்தா கை பிந்திடும்டா."

பன்னிரண்டு வருஷமாக அவள் இறங்கிய எல்லா அருவிக்கும் கீழே நின்றிருக்கிறேன். ஏதோ கயிறு பிடிக்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு முறைகூட அவள் என் கையைச் சந்தேகப்பட்டு இரண்டாம் தரம் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்பு கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"பின்பக்கம் பிடி."

இரண்டு பேரும் படகைத் தூக்கிக்கொண்டு பாதையில் மேலே ஏறினோம். மேலே போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றியிருந்த ரப்பர் துணியை இழுத்துப் படகின் வாயை மூடினாள். வலது தோளை இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கீழ போய் நல்லா பாரு. வேணாம்னு பட்டா குறுக்கப் பிடி. ஒரு கேள்வி கேக்காம கரைக்கு வந்துடுறேன். ஆனா தண்ணியப் பாத்துச் சொல்லு. என் தோளப் பாத்துச் சொல்லாத."

"இப்பவும் நம்புவியா?"

"வேற யார நம்புறது, உன் மாமியாரையா? போ. பாசி இருக்கு, காலப் பாத்து வை. நீ விழுந்தா தூக்க இங்க ஆளில்ல."

இறங்கிப் போய்ப் பாறையில் நின்றேன். முதலில் நுரையைப் பார்த்தேன். பிறகு இடது பக்கச் சுவர், தண்ணீர் வெளியேறும் வாய், இரண்டு கரையிலும் சாய்ந்திருந்த கிளைகள். ஒரு கட்டை, ஒரே ஒரு கட்டை எங்கிருந்தாவது வராதா என்று ஆசையாகக்கூடப் பார்த்தேன். வரவில்லை. வழி கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. எத்தனையோ லிஃப்ட்டுகளுக்கு, ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தரமும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கயிற்றுப் பையை வலது கையில் எடுத்துக்கொண்டேன். இடது கையால் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினேன்.

மேலே அவள் துடுப்பும் செங்குத்தாக எழுந்தது. எப்போதும் நிற்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அப்படியே நின்றது. பிறகு தண்ணீரில் இறங்கியது. ஹெல்மெட் பாறை மறைவைவிட்டு வெளியே வந்து, வலது கரையைத் தொட்டுத் திரும்பி, கோட்டை நோக்கி வேகம் பிடித்தது. சிவப்பு மூக்கு விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நீண்டபோது அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, ஆறு வளைகிற இடத்தைப் பார்த்தபடி, முன்னால் எட்டித் துடுப்பை ஊன்றினாள்.