எல்லை தாண்டினதும் ஊது

வாசலில் ஒரு நீள பெஞ்சு. முன்னால் தேவயானி, பின்னால் அவள் புருஷன் அன்பழகன். இரண்டு பேர் கையிலும் மூங்கில் கழி. "இடது... வலது... இடது..." என்று அன்பழகன் பின்னாலிருந்து குரல் கொடுக்க, இருவரும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தெருதான் நகர்ந்து வந்து வேடிக்கை பார்த்தது.

"மக்காச்சோளம் அடிக்கிற மிஷின வித்துட்டுப் படகு வாங்கப் போறியாப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பின்னாடி உக்காருறவன்தான் படகத் திருப்பணும். அது உங்களுக்கெல்லாம் வெளங்காது" என்றான் அன்பழகன். அன்றைக்குத்தான் போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. பேச்சில் மட்டும் பத்து வருஷத்து அனுபவம்.

எல்லாவற்றுக்கும் காரணம் நார்வேயில் வேலை பார்க்கும் மகள் நந்தினி. வைகாசியில் லீவு போட்டு அப்பா அம்மாவை அழைத்திருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற டூர் இல்லை. மலை ஏற வேண்டும், பனியாற்றின் மேல் நடக்க வேண்டும், அது உருகித் தேங்கும் ஏரியில் காயக் என்கிற ஒல்லிப் படகில் இரண்டிரண்டு பேராகத் துடுப்புப் போட வேண்டும். நந்தினி படம் அனுப்பிய நாளிலிருந்து தேவயானிக்குத் தலைகால் புரியவில்லை. நீலமாக ஒரு மலை, கண்ணாடி மாதிரி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவள் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும், ஒரு தடவை பழனிக்குப் போனதும்தான் அவள் செய்த பெரிய பயணங்கள். இதற்குப் போகாமல் செத்தால் கட்டை வேகாது என்று புருஷனிடம் வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

அன்பழகன் மட்டும் சளைத்தவனா? இருவரும் ஒரே மாதிரி கனத்த பூட்ஸ் வாங்கினார்கள். விடிவதற்கு முன்னால் பைக்கில் போய்ப் பச்சைமலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு, முதுகுப் பையில் சின்ன வெங்காயத்தை நிரப்பிக்கொண்டு மேலே ஏறி இறங்கினார்கள். முதல் நாள் அவன் வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் திரும்பி வந்து அவன் பையிலிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பையில் கொட்டிக்கொண்டு ஏறினாள். அதை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் காட்டிக் கொடுக்கவில்லை.

விசா வந்தது, டிக்கெட் வந்தது. கூடவே வந்தது மாரியம்மன் திருவிழா.

அந்த ஊரில் பல வருஷமாகத் திருவிழா நடக்கவில்லை. தேர் எந்தத் தெரு வழியாகத் திரும்புவது என்று கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் சண்டை. வேப்பந்தட்டை தாலுகா ஆபீசில் எத்தனையோ சமாதானக் கூட்டம் போட்டும் ஒன்றும் நடக்காதது, இந்த வருஷம் பார்த்து நடந்துவிட்டது. இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்டு, உடனே நாளும் குறித்துவிட்டார்கள். எங்கே தள்ளிப் போட்டால் மனசு மாறிவிடுமோ என்கிற பயம்.

ஊர்ப் பெரியவர் செல்லமுத்து நேராக வீட்டுக்கு வந்தார். அன்பழகனுக்குப் பெரியப்பா முறை.

"காப்புக் கட்டுறது உன் வகையறாவோட உரிமைடா. மத்தவனெல்லாம் துபாயிலயும் சிங்கப்பூர்லயும் கெடக்கான். ஊர்ல இருக்கறது நீ ஒருத்தன்தான். நீ கைய நீட்டலேன்னா அந்த உரிமைக்கு ரெண்டு தெருவும் அடிச்சுக்குவானுங்க. மறுபடியும் மொதல்லேருந்தா?"

அன்பழகன் வாசலில் கிடந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் "சரி பெரியப்பா" என்றான். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது. இது ஊர்க்கட்டு. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதில் தேவயானிக்கும் சந்தேகமில்லை. நார்வேயில் இருக்கிற பனிக்காக மாரியாத்தாவிடம் வம்பு வளர்க்கிற தைரியம் அவளுக்குக் கிடையாது.

செல்லமுத்து போனதும் அன்பழகன் சொன்னான்: "நீ போ."

"நீங்க இல்லாமலா?"

"காப்புக் கட்டுறப்ப எல்லைக்கல்லுக்கு வெளிய இருந்தா உனக்குக் கட்டு கெடையாது. அன்னிக்கு ராத்திரிதான ப்ளைட்டு? சாயந்தரம் கார் வந்துரும். பொழுது எறங்குன பெறவுதான் காப்பு. அக்கா வந்து எனக்குச் சமைச்சுப் போடும். ரெண்டு பேரும் இங்க ஒக்காந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் பனிமல இங்க வந்துருமா?"

சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டான். மாட்டுக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

அந்த நாளும் வந்தது. ஈர வேட்டியோடு கோயிலுக்குக் கிளம்பிய அன்பழகன், காயக்குக்காக வாங்கிய சாமான்களிலிருந்து ஆரஞ்சு நிற விசில் ஒன்றை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினான்.

"எல்லைக்கல்லத் தாண்டினதும் இத ஊது. அது காதுல விழுந்த பெறவுதான் நான் கைய நீட்டுவேன்."

"கார்லதான போறேன்? எதுக்கு இந்தக் கூத்து?"

"ஊதுன்னா ஊது புள்ள."

தேவயானி உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் காப்புக் கட்டியவனுக்கு வீட்டுச் சாப்பாடுதான். நாத்தனார் மருதாயி ஆட்டுகிற மாவில் இட்லி கல்லு மாதிரி வரும் என்பது அவள் அபிப்பிராயம். இரண்டு நாளைக்காவது புருஷன் மெத்தென்று சாப்பிடட்டும் என்று கிரைண்டரைப் போட்டாள். அது ஓடி முடிக்கும்போது கோயிலில் மேளம் கொட்டியது. பொழுது இன்னும் இறங்கக்கூட இல்லை.

பக்கத்து வீட்டு வீராயி ஓடி வந்தாள். "ஏ தேவயானி, இன்னமுமா இங்க இருக்க? பாதுகாப்புக்கு வந்த இன்ஸ்பெக்டரு வெளிச்சத்துலயே முடிங்கன்னுட்டாராம். இப்பவே காப்புக் கட்டப் போறாங்க!"

அதே நேரம் கார் டிரைவர் போன் செய்தான். ரோடு முழுக்கப் பந்தல் கால் நட்டிருக்கிறார்களாம், வண்டி உள்ளே வராதாம், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறானாம். நல்லவேளையாக, சாயந்தரம் தெருவில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று பெட்டியை மத்தியானமே வீராயி மகன் பைக்கில் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தான். தேவயானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாவை அப்படியே விட்டாள். முதுகுப் பையை மாட்டினாள். பெட்டி எடை கூடிப்போனதால் பூட்ஸையும் பனிக்கோட்டையும் உடம்பிலேயே போட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு. வைகாசி வெயிலில், புடவைக்கு மேல் பனிக்கோட்டோடு, மக்காச்சோளக் கட்டைகள் நின்ற காட்டுக்குள் இறங்கி அவள் ஓடினாள்.

கோயில் மைக் போட்டிருந்ததால் அங்கே நடப்பதெல்லாம் காடு முழுக்கக் கேட்டது.

"அன்பழகா, கைய நீட்டு" என்றது செல்லமுத்துவின் குரல்.

"கை ஈரமா இருக்கு பெரியப்பா. நூலு நனைஞ்சுரும்."

தேவயானி வரப்பைத் தாண்டினாள்.

"தொடைச்சாச்சுல்ல? நீட்டு."

"மஞ்சள் பத்தல பெரியப்பா. பல வருஷம் கழிச்சுக் கட்டுறோம், நல்லாப் பூசிக் கட்டச் சொல்லுங்க."

அவளுக்கு மூச்சு இரைத்தது, சிரிப்பும் வந்தது. சிரித்தால் ஓட முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பூட்ஸ் மண்கட்டியில் இடறி ஒரு தடவை முழங்காலில் விழுந்து எழுந்தாள். பச்சைமலை ஏறிய கால்கள், நிற்கவில்லை.

"ஏண்டா, கட்டிக்கப் போறியா இல்லையா? இன்ஸ்பெக்டரு வாட்சப் பாக்கறாரு!"

"கட்டிக்கறேன் பெரியப்பா. மேளத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. காப்புக் கட்டுறப்ப ஊரு அமைதியா இருக்கணும்னு எங்கப்பாரு சொல்லுவாரு."

அவன் அப்பா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மேளம் நின்றது. காடே கப்சிப்பென்று ஆனது. எதிரே மஞ்சள் பூசிய எல்லைக்கல். தேவயானி அதைத் தாண்டி ரோட்டில் போய் விழாத குறையாக நின்று, விசிலை வாயில் வைத்தாள். மூச்சு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்து, உயிரைக் கொடுத்து ஊதினாள்.

மைக்கில் செல்லமுத்து, "எவன்டா அவன் விசிலடிக்கறது?" என்றார்.

"அது கெடக்கட்டும் பெரியப்பா. கட்டுங்க" என்றான் அன்பழகன்.

பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் மறுபடி முழங்கியது. தேவயானி ரோட்டில் நின்று பனிக்கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார் டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஏசியைக் கூட்டி வைத்தான்.

நார்வேயில் அவள் முதலில் செய்தது பனியாற்றைத் தொட்டுப் பார்த்ததுதான். படத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது, நேரில் கருங்கல் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. பிளவுகளுக்குள் மட்டும் அந்த நீலம். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் மாட்டி, எல்லோரையும் ஒரே கயிற்றில் பிணைத்து, வழிகாட்டிப் பெண் முன்னால் நடந்தாள். முள் பனியில் நறுக் நறுக்கென்று இறங்க இறங்க, தேவயானிக்கு உடம்பெல்லாம் குதியாட்டம். பாதி வழியில் நந்தினி, "கொஞ்சம் நில்லும்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்க" என்றாள் தேவயானி.

மறுநாள் காயக். ஏரித் தண்ணீர் பாலில் பச்சை கலந்த நிறத்தில் கிடந்தது. ஏரிக்கு அந்தக் கோடியில் பனிச்சுவர், கோயில் கோபுரத்தை விட உயரம். பின் இருக்கை அன்பழகனுக்காகப் பதிவு செய்தது. அதில் தேவயானி உட்கார்ந்தாள். முன்னால் நந்தினி.

இங்கே படகு நகர்ந்தது! ஒவ்வொரு வலிப்புக்கும் அம்பு மாதிரி போனது. தேவயானி வாய்விட்டுச் சிரித்தாள். பனிக்கட்டிகள் மிதந்து வந்து துடுப்பில் டங்கென்று இடித்தன. சுவரை விட்டு வெகு தூரத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினாள். அதற்கு மேல் போகக் கூடாதாம்.

அப்போது வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். சுவரின் ஒரு துண்டு பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஏரி புடைத்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தது. வழிகாட்டி என்னவோ கத்தினாள்.

"அலையப் பாத்து மூக்கத் திருப்பணுமாம்மா!" என்று நந்தினி அலறினாள். அலறினாளே தவிர அவள் துடுப்பு அசையவில்லை. பயத்தில் கை இறுகிவிட்டது.

பின்னாடி உட்காருகிறவன்தான் படகைத் திருப்ப வேண்டும். வாசல் பெஞ்சில் அன்பழகன் எத்தனை தடவை அதைச் சொல்லிக்கொண்டே கழியை வளைத்துக் காட்டியிருப்பான்! தேவயானி துடுப்பை அகல வீசி வலித்தாள். "இடது புள்ள! இடது! இப்ப வலது!" தன் வாயிலிருந்து அவன் குரல் வருவது மாதிரி இருந்தது அவளுக்கு. படகின் மூக்கு திரும்பியது. அலை அவர்களைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது, பிறகு கரைப் பக்கம் போய்விட்டது. நந்தினி திரும்பிப் பார்த்து, "இத எங்க கத்துக்கிட்டம்மா?" என்றாள்.

"நம்ம வூட்டு வாசல்ல" என்றாள் தேவயானி. உடனே அழுகை வந்துவிட்டது. இந்த இடத்தில் அவர் இருந்திருக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே, பக்கத்தில் மிதந்த பனிக்கட்டி ஒன்றைப் பிடித்துப் படகுக்குள் போட்டுக்கொண்டாள். கரைக்கு வந்து அதை உடைத்துத் தண்ணீர் பாட்டிலில் அடைத்தாள்.

ஊருக்கு அவள் திரும்பியது மஞ்சள் நீராட்டு அன்றைக்கு. தேர் ஒரு சண்டையும் இல்லாமல் இரண்டு தெருவும் சுற்றி நின்றுவிட்டது. காப்பு அவிழ்த்தாகிவிட்டது. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தெருவெல்லாம் ஒரே ரகளை. எல்லைக்கல் அருகே காரை விட்டு இறங்கி தேவயானி விசிலை ஊதினாள். தலை முதல் கால் வரை மஞ்சளாக, வெறுங்காலோடு அன்பழகன் ஓடி வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். மருதாயி இட்லியின் கைங்கரியம்.

அவன் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவள் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து, அவன் தலையில் கவிழ்த்தாள்.

"என்ன புள்ள இது?"

"பனிமலைங்க. உங்களுக்காக எடுத்தாந்தேன்."

பிளேனிலும் காரிலும் கிடந்து வந்த தண்ணீர், வெதுவெதுவென்று இருந்தது. அது அவன் முகத்தில் வழிந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. பின்னாலேயே வந்த கூட்டமும், செல்லமுத்துவும் அவனையே பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தேவயானிக்கு ஏண்டா ஊற்றினோம் என்று ஆகிவிட்டது.

பிறகு அவன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அந்த உச்சி வெயிலில், "அய்யய்யோ... குளுருதே! யாராச்சும் கம்பளி குடுங்கப்பா!" என்று நடுரோட்டில் நடுங்க ஆரம்பித்தான். ஊரே சிரித்தது. இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார். தேவயானி சிரித்துச் சிரித்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான், அவன் உண்மையாகவே கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவன் அவள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"பெரியப்பா, துபாய்க்காரனுக்கு இப்பவே போனப் போடுங்க" என்றான். "அடுத்த வருஷம் அவன் வந்து கைய நீட்டட்டும். நாங்க ரெண்டு பேரும் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு ஊதுறோம்."